இடப்பக்கம் ஆழம்

ஒவ்வோர் இடைவேளையும் வண்டியோடு இறங்குவேன்.
தளத்தை வழித்து, வெந்நீர் விட்டு,
அவர்கள் இருபது நிமிடம் கீறியதைப்
பத்து நிமிடத்தில் அழிப்பது என் வேலை.

அழிக்கும் முன் வாசித்துவிடுவேன்.
பதினேழாம் இலக்கத்தின் கீறல் மட்டும்
இடப்பக்கம் ஆழம்.
பேயாத் ஏஷ்லிமான்.
வலது முழங்கால் இருமுறை வெட்டித் தைத்தது.
பாரத்தை மற்றக் காலில் போட்டுத்தான் திரும்புவான்.

லாங்கன்தால். மூன்றாம் பிரிவு.
பதினாறு பருவம், நாற்பத்தொரு கோல்,
போக, எங்கள் வலைக்குள்ளேயே இரண்டு.
தண்டனைப் பெட்டியில் இருந்த நிமிடங்களைக் கூட்டினால்
ஒரு முழு நாள் வரும் என்கிறாள் கணக்கெழுதும் ஹேடி.
உள்ளே போனால் சனம் எழும்பிக் கைதட்டும்.
வெளியே வந்தாலும் தட்டும்.

பெரிய கழகம் ஒன்று ஒருதரம் கூப்பிட்டது.
போனான். பதினொரு நாள்.
‘அங்கே ஐஸ் சரியில்லை’ என்று திரும்பி வந்தான்.
அன்றிலிருந்து தண்ணீரின் சூட்டை
இரண்டு பாகை கூட்டி வைக்கிறேன்.
ஒருவருக்கும் சொல்லவில்லை.

பகலில் அவன் தபால்காரன்.
மஞ்சள் ஸ்கூட்டர். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.
என் அகதி விண்ணப்பத்தின் மறுப்பு
பதிவுத் தபாலாக அவன் கையால்தான் வந்தது.
கையெழுத்து வாங்கினான்; போகவில்லை.
நான் படித்து முடிக்கும்வரை
படியில் நின்று கையுறையைக் கழற்றினான்,
போட்டான், கழற்றினான்.
அன்றிரவு நடுவரைத் தள்ளி விழுத்தி
நாலு ஆட்டத் தடை.
இரண்டுக்கும் தொடர்புண்டா என்று கேட்கவில்லை.
இரண்டு வருடம் கழித்து அனுமதி வந்தது,
சாதாரணத் தபாலில்.

கடைசி ஆட்டம் போன மாசி. ஒன்றுக்கு ஐந்து, தோல்வி.
அவன் சட்டையைக் கூரைக்கு ஏற்றக் கயிறு போதவில்லை;
பாதியில் தொங்கியது.
அவன் கீறல்களை நான் விட்டுவைப்பேன் என்று
சிலர் கம்பியருகே நின்று பார்த்தார்கள்.
மூலை முடுக்கெல்லாம் வழித்தேன்.
காலை ஏழுக்குச் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி.

சித்திரையில் ஐஸை உருக்கி
வடிகான் வலையைக் கழற்றினால்
கறுப்பு ரப்பர் துணுக்குகளுக்குள் ஒரு முன்பல்.
யாருடையது என்று ஊரில் கேட்கத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை மணி அடித்தான்.
பாரிஸிலிருந்து அக்கா அனுப்பிய மிளகாய்த்தூள்.
ஒப்பமிட்டேன்.
பிறகு ஒரு சின்ன உறையை நீட்டினேன்.
பிரித்தான். ஓட்டை தெரியச் சிரித்தான்.
அவன் பேனையை அவனிடமே நீட்டினேன்:
பதிவுத் தபால், ஐயா.
இதிலே ஒரு கையெழுத்து.