முந்திப் போன சக்கரம்

மூன்று கோடை அந்த ஸ்டெப்னி
ரப்பர் கயிற்றில்தான் தொங்கியது,
டிரெய்லரின் இடப்பக்கச் சட்டத்தில்,
கொக்கி இரண்டும் ஒன்றையொன்று கடித்தபடி.
யார் கேட்டாலும் சொன்னேன்:
இந்த வாரம் சரியாக மாட்டிவிடுகிறேன்.

ஜூலையில், ரிவர்ட்டனுக்கு வடக்கே
சரளை தொடங்குகிற இடத்தில்
வண்டி ஒருமுறை தும்மியது.
பிரேக்கில் கால் வைத்தேன்.
கண்ணாடியில் படகு ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது.
பிறகு
என் ஜன்னலோரமாக ஒரு சக்கரம்
என்னைக் கடந்து போனது.

நல்ல வேகம். நேர்கோடு.
இப்படி முந்துகிறவன் யாரென்று
பழக்கதோஷத்தில் திரும்பி முறைத்தேன்.
அப்புறம்தான் உறைத்தது,
அது என்னுடையது.

சாலை வளைந்தது. அது வளையவில்லை.
பள்ளத்தில் இறங்கி, எம்பி,
கம்பி வேலியைத் தாண்டி
ஆளுயரக் கனோலாவுக்குள்.
மஞ்சள் திறந்தது, மூடிக்கொண்டது.

இரண்டு மணி நேரம் தேடினேன்.
கடுகின் பங்காளி அந்தச் செடி;
கை, கழுத்து, புருவமெல்லாம் மகரந்தம்.
ஒரு நரி படுத்த குழி கிடைத்தது,
இன்னும் சூடாக.
டயர் கிடைக்கவில்லை.

செப்டம்பரில் அறுவடை இயந்திரம் அதைக் கண்டுபிடித்தது,
தன் பற்களால்.
ஓரெஸ்ட் ஹ்னாட்டியுக் என் வாசலில் இறக்கிவைத்தார்.
"உன்னுடையதா, ரக்னா?"
கோபம் இல்லை. பில்லை மட்டும் நீட்டினார்:
வளைந்த வெட்டுப்பல் நான்கு,
வீணான பிற்பகல் ஒன்று.
காசோலை எழுதினேன்.
டயரில் ஒரு கீறல்கூட இல்லை.

மைனஸ் முப்பதில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு
யோசிக்க நேரம் நிறைய.

ஏரி உடைந்த மே மாதம்
லயனல் மான்க்மனின் கடைக்குப் போனேன்.
"சட்டம் எத்தனை அகலம்?" என்றான்.
கையால் காட்டினேன்.
அளந்துகொண்டு வா என்று திருப்பி அனுப்பினான்.
மறுநாள் வாங்கியது:
துத்தநாகம் பூசிய யூ-போல்ட் இரண்டு,
தடித்த தகடு,
கழுத்தில் நைலான் வைத்த நட்டுகள்,
அவை தாமாகக் கழலாதாம்.

முதலில் மாட்டிய இடத்தில்
ஜாக்கின் கைப்பிடி சுற்றவில்லை.
அடுத்த இடத்தில்
வேனின் பின்கதவு திறக்கவில்லை,
காப்பிக் குடுவை உள்ளே.
மூன்றாவதாக, பேருந்துக் கொட்டகை முற்றத்தில்
வண்டியை முழுக்க ஒடித்துத் திருப்பி, இறங்கி,
பம்பருக்கும் டயருக்கும் நடுவே
விரல் வைத்துப் பார்த்தேன்.
நான்கு விரல். போதும்.
பிறகு முறுக்கினேன்.
கோபம் தீர்ந்த பிறகும் முறுக்கினேன்.
மேலே ஒரு பூட்டு.
உலுக்கினால் டிரெய்லர் ஆடியது,
டயர் ஆடவில்லை.
அன்றுதான் முதல்முறையாக அதற்குக் காற்று பார்த்தேன்.
பாதிதான் இருந்தது.

ஜூன் கடைசி. ஹெக்லா படகுத்துறை.
ஒரு பக்கம் மண்டியிட்ட டிரெய்லரோடு
ஓரெஸ்ட் நின்றிருந்தார்.
ஐஸ் பெட்டியில் ஆறு பிக்கரல் மீன்,
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
ஸ்டெப்னி?
"பத்திரமாக இருக்கிறது" என்றார்.
"வீட்டில். கொட்டகையில்."
நான் சிரிக்கவில்லை.
அன்று அவர் சிரிக்கவில்லையே.

துளைகளை எண்ணினோம். அங்கும் ஐந்து, இங்கும் ஐந்து.
பூட்டு உடனே திறந்தது.
நட்டுகளுக்கு முக்கால் மணி நேரம்;
ஒவ்வொரு மரைக்கும் நைலான் முனகியது,
கொசுக்கள் எங்கள் கழுத்தை எடுத்துக்கொண்டன.
"யாருக்குப் பயந்து இப்படி முறுக்கினாய்?"
"உங்கள் வயலுக்கு."
அப்போது சிரித்தார்,
ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு.

இந்த வாரம் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று
கிளம்பிப் போனார்.

வெறும் தகட்டோடு நான் வீடு திரும்பினேன்.
அது வழியெல்லாம் சீழ்க்கை அடித்தது.
தொண்ணூறில் போகிறவள் அறுபதில் போனேன்.
அந்த வளைவில் கனோலா இன்னும் பூக்கவில்லை,
வெறும் பச்சை.
இடப்பக்கம் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்,
என்னை முந்திப் போக
என்னிடம் எதுவும் இல்லாதபோதும்.