பன்னிரண்டு வீதம்

மாவாலைக்குக் கோதுமை இறக்கிய கப்பலின்
மூன்றாம் இன்ஜினியர்
கையெழுத்து வாங்கிய கையோடு
என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.
தோள் குறுகிய கறுப்புப் போத்தல்,
மூடிக்கு மேல் மெழுகு.
லேபிளில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது
ஸ்டவுட் என்ற சொல்லும்
பன்னிரண்டு வீதம் என்ற இலக்கமும்தான்.

சீனக்குடாவிலிருந்து உவர்மலை வரை
மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள்
சேர்ட்டால் சுற்றி,
பள்ளம் பள்ளமாய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஜெசிந்தாவுக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை.
எதைக் கொடுத்தாலும் முதலில் வெளிச்சத்தில் பிடிப்பாள்.
பிடித்தாள்.
பல்ப் தெரியவில்லை.
"இந்த ஆள் உயிரோட இல்லை" என்றாள்.

நான் பதினேழு வருசமாய் மூட்டை எண்ணுகிறவன்.
கொப்பியில் கோடு கீறி ஐந்து கட்டம் போட்டேன்:
நிறம், நுரை, மணம், வாய், முடிவு.
ஒவ்வொன்றுக்கும் பத்து.

நிறம்: ஒயில் மாற்றும் நாளில்
என்ஜினுக்கு அடியில் வைக்கிற சட்டி. ஒன்பது.
நுரை: பால்தேத்தண்ணி நிறத்தில் எழும்பி
ஆரையோ தேடி வந்ததுபோல் பார்த்து
இல்லையென்று போய்விட்டது. நாலு.
மணம்: பிரிட்ஜ் மணம். ஐந்து.
வாய்: சீனி. பிறகும் சீனி.
மூன்று கிறிஸ்மஸ் கேக்கைக் கரைத்து
ஒரு கிளாசுக்குள் ஊற்றிய மாதிரி. நாலு.
முடிவு: உதடு உதட்டோடு ஒட்டுகிறது. நாலு.

ஐம்பதுக்கு இருபத்தாறு.
அடியில் கோடு கீறினேன்.

அப்போது கரண்ட் போனது.

காற்றாடி நிற்க,
கிளாஸ் வியர்க்கத் தொடங்க,
இருட்டில் நாங்கள் பேசாமல் இருந்தோம்.
கீழே உட்துறைமுகத்தில் அந்தக் கப்பல் மட்டும்
தன் சொந்த வெளிச்சத்தில் நின்றது.

கேற்றடியில் சத்தம்.
ஜமாலியாவில் பேக்கரி வைத்திருக்கிற நௌபர்,
இரவல் வாங்கின ஏணியைத் திருப்பித் தர.
ஏணியைச் சுவரில் சாத்தியவர் போகவில்லை.
காற்று எங்களிடமிருந்து அவர் பக்கம் போனது.

"ஆரு வட்டிலப்பத்தக் கருக்கின?"

ஜெசிந்தா சிரித்துவிட்டாள்.
நான் போத்தலை மேசைக்குக் கீழே வைக்கப் பார்த்தேன்.
"மறைக்க வேணாம். குடிக்கிறது நீங்க.
நான் மூக்க ஊட்டிலயா வெச்சிட்டு வாற?"
பிறகு, கொஞ்சம் யோசித்து:
"கருக்கல்ல. கருகப் போக ஒரு நொடிக்கி முந்தி
எறக்கியிருக்கான்.
அடுப்புத் தெரிஞ்ச கை."

ஏணிக்கு நன்றி சொல்லிவிட்டு அவர் போனபின்
மறுபடி குடித்தேன்.

சூடேறியிருந்தது.
சீனிக்குப் பின்னால், இவ்வளவு நேரமும் கதவுக்குப் பின் நின்றதுபோல்,
ஒரு கசப்பு.
பாணின் அடிப்பக்கம்,
தகரத்தில் ஒட்டிக் கறுத்து
கத்தியால் சுரண்டினால் மட்டும் வருகிற அந்தப் பக்கம்.
அதற்குள் கோப்பி. முந்திரிகைவற்றல்.
விழுங்கின பிறகு மெல்ல மெல்லக்
காது மடலில் ஏறுகிற சூடு.
இனிப்பு போகவில்லை,
ஆனால் இப்போது அதற்கு ஒரு எலும்பு இருந்தது.

வெட்டினால் பக்கத்தில் கையொப்பம் வைக்கவேண்டும்,
அது எங்கள் கந்தோர் முறை.
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மூன்று இடத்தில் வெட்டி
மூன்று இடத்தில் வைத்தேன்.
மணம் ஒன்பது. வாய் ஏழு. முடிவு எட்டு.
நுரைக்கு நாலு நாலுதான்,
அதில் இரக்கம் கிடையாது.

முப்பத்தேழு.

"என்னைக் கேட்டால்" என்றாள் ஜெசிந்தா,
"முதல் மூன்று மிடறுக்கு நாற்பத்தாறு.
முழுப் போத்தலுக்கு இருபது.
உன்ர கொப்பியில அதுக்குக் கட்டம் இருக்கோ?"

இல்லை.

விடிய, சிங்கில் அவளுடைய கிளாஸ்
கழுவாமல் கிடந்தது. அடியில் ஒரு கறுப்பு வட்டம்.
விளிம்பைச் சுற்றி எறும்புகள்
இறங்குவதா விடுவதா என்று நின்றன.

பழக்கதோஷம், எண்ணினேன்.
பதினாலு.
இரண்டு உள்ளே.