பதினெட்டு மூட்டை

மழை யாருக்கும் கணக்கு எழுதி அனுப்புவதில்லை.
துளை போட்டவன் அனுப்ப வேண்டும்.
முடித்த முப்பது நாளுக்குள், மூன்று பிரதி,
உரிம எண்ணும் கையெழுத்துமாக.

பிஸ்மார்க்கில், இரண்டாம் மாடியில்,
வெந்நீர்க் குழாய் முனகும் அறையில்
பத்தொன்பது வருஷமாய் உட்கார்ந்து
வடக்கு டகோட்டாவின் அடிவயிற்றைப் படிக்கிறேன்.
நாலடி வரை கருமண்.
முப்பத்தொன்று வரை மஞ்சள் களி.
பிறகு நீலக் களி, சரளை,
விரற்கடை நிலக்கரி,
மணல்.
அப்புறம்தான் தண்ணீர்.

ஆர்விட் ஷெல்ஸ்டாட்டின் எழுத்து சாய்ந்திருக்கும்,
எதிர்காற்றில் நின்று எழுதியது போல.
குறிப்புப் பத்தியில்
சட்டம் கேட்காததையெல்லாம் எழுதுவான்:
"வீட்டுக்காரர் நாய் கடித்தது."
"நூற்றுப் பன்னிரண்டில் அழுகிய முட்டை வாடை."
அதற்காகவே அவன் உறையை
முதலில் பிரிப்பேன்.

மார்ச் மாதம், பழைய கட்டைக் கணினியில் ஏற்றும்போது
இரண்டு படிவம் ஒட்டிக்கொண்டு வந்தன.
லெயோனா ஷாட்ஸ் வீட்டுக் கிணறு.
ஃபெட்ஸர் பண்ணைக் கிணறு.
நடுவே பதினோரு மைல், ஓர் ஓடை, ஒரு ரயில் பாதை.
மண் மட்டும் அச்சு அசல்.
நாலு. முப்பத்தொன்று. அதே விரற்கடை நிலக்கரி.
இரண்டிலும் குறிப்புப் பத்தி காலி.

மனுஷிக்கு இரட்டை பிறக்கும்.
மண்ணுக்குப் பிறக்காது.

எட்டங்குலத் துளைக்குள் ஐந்தங்குலக் குழாய்;
சுற்றிலும் ஒரு விரல் போகும் வெறுமை.
எங்கள் விதிப்புத்தகத்தில் பாதி
அந்த வெறுமையைப் பற்றித்தான்.
களிமண் கொட்டி அடைக்காவிட்டால்
தொழுவத்துத் தண்ணீர்
குழாயின் முதுகைப் பிடித்துக்கொண்டு
நேரே இறங்கிவிடும்.
அறுபதடிக்குப் பதினெட்டு மூட்டை பெண்டோனைட்.
படிவத்திலும் பதினெட்டுதான்.
மைனாட் கடைச் சீட்டில்
இரண்டு கிணற்றுக்கும் சேர்த்து ஏழு.

போனில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"அக்டோபர் அது. நிலம் உறைவதற்குள்
ஆறு வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்."
பிறகு, குரலை உயர்த்தாமலே:
"நீங்கள் முத்திரை குத்தினீர்களே."

குத்தியிருந்தேன்.
சரிபார்க்கப்பட்டது. என் சுருக்கொப்பம்.
இரண்டும் ஒரே வெள்ளிக்கிழமை.
ஷாட்ஸ் படிவத்தின் ஓரத்தில்
எண்ணெய் ஊறிய வட்டம்:
யாருக்கோ பிறந்தநாள் கேக்.

லெயோனாவின் சமையலறைத் தண்ணீரில்
நைட்ரேட் பதினேழு.
பத்தைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆகாது.
"இங்கே ஏது குழந்தை," என்றாள்.
"ஜூலையில் மகள் வருகிறாள். எட்டாம் மாசம்."

தொண்ணூறு நாள் உரிமம் நிறுத்தம்.
பழையதை அடைத்துப் புதிதாய்ப் போட வேண்டும்,
அவன் செலவில்.
அவனுக்கான தண்டனை விதியில் இருந்தது.
கேக் தின்றவளுக்கு எந்தப் பிரிவும் இல்லை.
தேடிப் பார்த்தேன்.

ஜூனில் ஒரு சனிக்கிழமை
நானே காரோட்டிப் போனேன்.
கழிவுத்தொட்டியிலிருந்து நூறடி தள்ளி
ரிக் நின்றிருந்தது. அவன் தலையசைக்கவில்லை.
கத்தியால் மூட்டை வாய் கிழித்து
மெல்ல, மெல்லக் கொட்டினான்.
அவசரப்பட்டால் களி நடுவழியில் பாலம் கட்டிவிடும்;
மேலே நிரம்பினாற்போல் தெரியும்,
கீழே வெறுமை அப்படியே இருக்கும்.
பதினெட்டாவது மூட்டை போன பின்னும்
ஒரு சாண் இறங்கியது.
லாரிக்குப் போய் இன்னொன்று தூக்கி வந்தான்.

நாலாம் நாள் உறை வந்தது.
கருமண் மூன்றடி. மஞ்சள் களி இருபத்தாறு.
நிலக்கரியே இல்லை.
குறிப்புப் பத்தியில், சாய்ந்த எழுத்தில்:
"காரில் ஒருத்தி உட்கார்ந்து எண்ணினாள். பத்தொன்பது."

மூன்று தடவை படித்துவிட்டு
முத்திரையை மையில் அழுத்தினேன்.
அவனுடைய மற்ற படிவங்கள், இருநூற்றுப் பன்னிரண்டு,
கீழ் இழுப்பறையில்.
எல்லாவற்றிலும் என் சுருக்கொப்பம்.
இன்றைக்கு எட்டு பார்த்தேன்.