நூறு மில்லி

உப்புநீர்ப் பையை முதலில்
வெந்நீர் வாளியில் கிடத்த வேண்டும்.
முழங்கையின் உட்பக்கம் வைத்துப் பார்த்து
சூடுமில்லை குளிருமில்லை என்றானதும்
நாள்காட்டி மாட்டியிருந்த ஆணியில் தொங்கவிட வேண்டும்.
நாள்காட்டி இப்போது குளிர்பெட்டியின் மேல் படுத்திருக்கிறது,
இன்னும் மார்ச்சிலேயே.

கொக்கிக்குப் பதினேழு வயது.
பிறவியிலேயே மடங்கிய வால் நுனி, அதனால் அந்தப் பெயர்.
ஜெலுத்தோங் சந்தையில் மீன் பலகைக்கு அடியிலிருந்து
தவமலர்தான் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள்.
ஒரு வாரம்தான் என்றாள்.
அவள் போய் ஆறு வருடம்.
பூனை இருக்கிறது.

தோள் எலும்புகளுக்கு நடுவே
தோலைக் கூடாரம்போல் தூக்கு,
ஊசியின் வாய் மேலே பார்க்கட்டும்,
நீ பயந்தால் அதற்குத் தெரிந்துவிடும்
என்றார் டாக்டர் ஊய்.
முதல் நாள் ஊசி அந்தப் பக்கம் வெளியே வந்து
என் சட்டை நனைந்தது.
இரண்டாம் நாள் கட்டைவிரலில் குத்திக்கொண்டேன்.
மூன்றாம் நாள் கொக்கியே சலித்துப்போய்
மடியில் படுத்துக்கொண்டு
சீக்கிரம் முடி என்பதுபோலச் சுவரைப் பார்த்தது.

நூறு மில்லி இறங்க ஏழு நிமிடம்.
தோலுக்கடியில் ஒரு நீர்மூட்டை எழும்பி
ஒரு பக்கமாகச் சரியும்.
கொஞ்ச நேரம் அது
ஒரு தோளில் மட்டும் மூட்டை ஏற்றிய
துறைமுகத் தொழிலாளிபோல நடக்கும்.

ரொட்டிக் கத்தியால் மணல் தொட்டியின்
முன்விளிம்பை அறுத்துத் தாழ்த்தினேன்.
சன்னலுக்கு ஏற அரிசி மூட்டை,
அரிசி மூட்டைக்கு ஏற இரண்டு தலையணை.
மாதக் கடைசியில் அரிசி குறையக் குறைய
சன்னல் உயர்ந்துகொண்டே போகிறது அதற்கு.

நகம் உள்ளே போக மறுக்கிறது.
நள்ளிரவில் தரையோட்டில் டக் டக்கென்று
குதிகால் செருப்பு மாட்டிய யாரோ
சமையலறைக்குப் போவதுபோல.
பிறகு ஒரு கத்தல்.
எதைத் தேடி எழுந்தோம் என்பதே மறந்துபோன குரல்.
விளக்கைப் போட்டு
இங்கதான் இருக்கேன் என்கிறேன்.
காது கேட்காது, தெரியும்.
பாதத்தை வந்து முகர்ந்துவிட்டு ஓய்கிறது.

பக்கத்து வீட்டு மக்சிக் ரொக்கியா
கெம்போங் மீனை உப்பில்லாமல் அவித்து
முள்ளெடுத்துத் தருகிறார்.
தாத்தா சாப்பிட்டாரா என்று மலாயில் விசாரிப்பார்.
கொக்கி பெண் என்று
பதினேழு வருடமாக நான் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு
கோலாலம்பூரிலிருந்து தவமலர் அழைப்பாள்.
"எடை?"
"ரெண்டு கிலோ நூத்தி இருபது."
"போன வாரம்?"
"நூத்தி அறுபது."
"மூத்திரம்?"
"நாலு கட்டி. பெருசு."
"ம்."
பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தபோது
இவ்வளவு சரியாக நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அதுக்கு வலிக்குதா என்று போன மாதம் கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.
டாக்டர் ஊய் சொன்னதைச் சொன்னேன்:
பிடித்தவை மூன்றை எழுதி வையுங்கள்,
இரண்டு நின்றுபோனால் என்னிடம் வாருங்கள்.
மார்ச் தாளின் பின்பக்கம்
அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.
மீன்.
பாலத்துப் பக்கமிருந்து வரும் காலை வெயில்.
என் வேலைக் காலணியின் நாடாவைக் கடிப்பது.

நாடாவை அது தொட்டு ஐந்து வாரம்.
மீனையும் நேற்று முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.
இரவெல்லாம் அந்தத் தாளைப் பார்க்காமல் இருந்தேன்.

காலையில் பாயான் லெப்பாஸ் வேன் கீழே ஹாரன் அடிக்க
அவசரமாகக் காலணிக்குள் காலை விட்டேன்.
இடது நாடா ஈரம்.
பையிலிருந்து சொட்டிய நீராகவும் இருக்கலாம்.
குனிந்து பார்த்தேன்.
நுனி பிரிந்து, நார்நாராக.

புதன்கிழமைதான். இருந்தாலும் அழைத்தேன்.
முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.
சொல்லு என்றாள்,
மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

நாடா என்றேன்.