வால் நுனி வரை

படிவத்தில் ஏழாவது கட்டம்:
மூக்கு முதல் வால் நுனி வரை, சென்டிமீட்டரில்.
பாம்பன் தெற்குவாடியில் ஒன்பது வருஷமாய்
அதை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.
விளமீன், சீலா, பாறை, ஊழி,
எதற்கும் பேனா நின்றதில்லை.

இன்று ரொசாரியோவின் விசைப்படகிலிருந்து
இறங்கியதற்கு வால் இல்லை.

"வெட்டிட்டீங்களா?"
"யாருக்கா வெட்டப் போறா, இப்படியேதான் வந்துச்சு."

ஆறு பேர் உருட்டியும் ஈரச் சிமெண்டில்
பாதி தூரம்தான் நகர்ந்தது.
தலையை மட்டும் செய்து வைத்துவிட்டு
யாரோ டீ குடிக்கப் போய்விட்டதுபோல் ஒரு மீன்.

ஏலக்காரர் சீனி முகம்மது ஒரு சுற்று சுற்றி வந்தார்.
ஒரு ரூபாய்கூடச் சொல்லவில்லை.
சதை ஆறிப்போன கஞ்சி, தோல் லாரி டயர்.
"திரிகைக்கல்லு" என்று பெயர் மட்டும் கொடுத்துவிட்டு
நண்டுப் பக்கம் போய்விட்டார்.

வாய் திறந்தே கிடந்தது. முழுக்க மூடாதாம்.
பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிளியலகு ஆகிவிட்டது.
அவ்வளவு கெட்டியான அலகோடு
அது துரத்திப் போவது
கடித்தால் தண்ணீராகும் சொறிமீனை.
குடலைத் திறந்தேன்: கூழ், கூழ்,
நடுவில் இரண்டு கணவாய் அலகு.
ஒரு மாட்டின் எடையை
இதிலிருந்தா கட்டி எழுப்பினாய்?

"முந்தாநாளே பாத்தோம்க்கா, தீவுக்கு வெளிய.
சாஞ்சு படுத்துக் கெடந்துச்சு. செத்த பொணம்னு
இஞ்சினை அமத்துனோம்.
கடல் காக்கா ஒண்ணு மேல நின்னு
தோல்ல என்னத்தையோ கொத்திக்கிட்டு இருந்துச்சு.
ஒரு செட்டை எந்திரிச்சு, விழுந்து,
அப்புறம் ஆளைக் காணோம்."

அதுவோ, அதன் ஜாடையில் இன்னொன்றோ.
வெளிச்சம் எட்டாத ஆழத்தில் மேய்ந்து
உடம்பு சில்லிட்டு மேலே வந்திருக்கும்.
வெயிலில் ஒரு பக்கத்தைக் காயவைத்து,
தோலில் ஒட்டிய புழுக்களைப் பறவைக்குக் கொடுத்து,
சூடு ஏறியதும் திரும்ப இறங்கும்.
காற்றுப்பை கிடையாது.
ஏறவும் இறங்கவும்
யாரிடமும் டோக்கன் வாங்க வேண்டியதும் இல்லை.

உள்ளே ஒற்றைச் சினைப்பை.
ஒரு கிராம் வெட்டித் தட்டில் பரப்பி
ஊசி முனையால் மத்தியானம் வரை எண்ணினேன்.
மொத்த எடையால் பெருக்கினேன்.
போன் திரையில் சைபர்கள்
ஓரத்தில் போய் இடித்து நின்றன.

ஒவ்வொன்றும் எள்ளைவிடச் சிறியதாய்ப் பிறக்கும்,
நெருஞ்சிக் காய் மாதிரி உடம்பெல்லாம் முள்ளோடு.
அந்த எள்ளுக்கு வால் உண்டு.
வளர்கிற அவசரத்தில் கரைத்துவிடும்.

இத்தனை கோடிக்கும் கடல் ஏன் நிரம்பவில்லை என்று
கழித்துக் கழித்துப் பார்த்தேன்.
மீதி ஒன்று. சிமெண்டில், ஈ மொய்க்க.

வாலிருக்க வேண்டிய இடத்தில்
முதுகுச் செட்டையும் அடிச் செட்டையும் வளைந்து வந்து
ஓரம் அடித்துத் தைத்ததுபோல் ஒரு மடிப்பு.
ரொசாரியோ அதைத் தட்டிப் பார்த்து
"சுக்கான்" என்றான்.
எழுதிக்கொண்டேன்:
மூக்கு முதல் சுக்கான் வரை, 171.

சாயங்காலம் ஆபீஸ் கம்ப்யூட்டர்
சுக்கானை ஏற்க மறுத்தது.
காலியாக விட்டேன், அதையும் மறுத்தது.
வால் என்று போட்டேன்.
நன்றி, பதிவாகிவிட்டது என்றது.