எட்டுப் புள்ளி

முதல் பெட்டி, செருப்பு வந்த அட்டைப்பெட்டி.
ஒரு மணி நேரத்தில் எண்பத்திரண்டு டிகிரி.
எட்டுப் பலகைகளும்
ஒன்று விட்ட மூச்சை ஒன்று குடித்துக்கொண்டு
அரிசிப் படங்களில் கல்லைத் தேடச் சொன்னால்
கல்லைப் போலவே உட்கார்ந்திருந்தன.

இரண்டாவதற்கு அளவு எடுத்தேன்.
பலகை ஒன்று: எண்பத்தைந்து மில்லி, ஐம்பத்தாறு.
காரைக்குடியில் போர்டு போடும் சவரிமுத்து
மூடிய நகைக்கடையில் கழற்றிய அக்ரிலிக்கை
எடைக்குத் தந்தார்.
அறுத்த துண்டில் ஒரு 'ழ' பாதி வந்தது.
அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பினேன்.

இரண்டரை மில்லி திருகு எந்தக் கடையிலும் இல்லை.
"மூணு இருக்கு, அமுக்கிச் சுத்துங்க ஆச்சி."
செத்துப்போன மடிக்கணினியின் வயிற்றில்
பதினெட்டு கிடைத்தன.
பலகைக்கு இரண்டு, மூலைக்கு மூலை.

வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன்.
நடுவில் வெற்றிடம். சுற்றி எட்டு அறை,
அறைக்கொரு அடுப்பு.
புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை.
தலைக்கட்டுக்கு ஓர் அறை, தனிச் சமையல்,
கோயில் கணக்கில் ஒரு புள்ளி என்று
எங்கள் ஆட்கள் வீடு கட்டியதும் இப்படித்தான்.
சூடு மேலே போகும். அவ்வளவுதான் சூத்திரம்.

புதுவயலில் காற்று என்றால் பாதி தவிடு.
கீழ்க் காற்றாடிக்குக் கொசுவலை போதவில்லை.
காபி வடிகட்டும் துணியைக் கட்டினேன்;
ஞாயிறுதோறும் அலசவேண்டும்.

ஐந்தாம் பலகைக்கு நினைவகம் பாதி.
விற்றவன் சொல்லவில்லை.
வேலை பங்கிடும் நிரலில் அதன் பேருக்கு நேரே
அரை என்று அடித்தேன்.
அடித்த விரல் அங்கேயே நின்றது.

போன பங்குனியில் கோயில் காரியக்காரர்
என் பேருக்கு நேரே எழுதியதும் அதுதான்.
சாத்தப்பன் போனபிறகு நான் அரைப்புள்ளி.
வரி பாதி.
ரசீது மட்டும் முழுத்தாள்.

சுமை பாதிதான் கொடுக்கமுடியும்,
மீறினால் விழுந்துவிடும். நிரலை மாற்றவில்லை.
அறையைக் குறுக்கவில்லை.
அதே எண்பத்தைந்து, அதே ஐம்பத்தாறு.
மிச்சமிருந்த இரண்டு திருகையும்
அதற்கே போட்டேன்.

இரவு பதினொன்றரை. ஐம்பத்தெட்டு டிகிரி.
பச்சை விளக்குகளுக்கு நடுவே
பாதி 'ழ' தெரிந்து தெரிந்து மறைகிறது.
'கல்' என்கிறது ஐந்து.
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கல் இல்லை, உமி.

சரி,
அடுத்ததைப் பார்.