பெட்டி மேல் எழுதும் ஊர்

அந்த ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படிக்க
வேலாத்தாளுக்குத் தெரியாது.
பதினொரு வருடமாக
அட்டைப்பெட்டிகளின் நெற்றியில்
தகட்டை வைத்து மை தேய்ப்பவள் அவள்தான்.
ஒன்பது எழுத்து. நடுவில் ஒரு வட்டம்.
நேற்று ராத்திரி பேக்கரி டிவியில் அதைப் பார்த்ததும்
டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாளாம்.
"இது நம்ம பொட்டி மேல எழுதற ஊரல்லங்கொ?"

ரயில் நிலையமாம். வேலைக்குப் போகிற நேரமாம்.
எத்தனை பேர் என்பது
பல்லடம் பஸ் ஒவ்வொன்று வந்து போகும்போதும்
கூடிக்கொண்டிருந்தது.

அரசு ஒருநாள் துக்கம் அறிவித்திருக்கிறது.
காலையில் கலெக்டர் ஆபீஸ் கம்பத்தில்
கொடியை முதலில் உச்சிவரை ஏற்றி
அப்புறம்தான் பாதிக்கு இறக்கினார்கள்.
அதுதான் முறையாம்.
பட்டா மாறுதலுக்கு வந்த ஒருவர்
"ஆருங்க போயிட்டாங்க?" என்றார்.
"நம்மாளுக இல்லீங்க" என்றார் காவலர்.
கேட்டவர் ஆனாலும்
தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பையருக்கு ஒரு இரங்கல் மெயில் போட்டுரு கண்ணு,
போன வருசம் எழுதுனது இருக்குமல்ல,
ஊர்ப்பேர மட்டும் மாத்திக்க" என்றார் முதலாளி.
இருந்தது.
மூன்று இடத்தில் வேறொரு ஊர்.
அதற்கு முந்தையதும் இருந்தது, இன்னொரு ஊர்.
ஆழ்ந்த என்ற சொல் மட்டும்
எல்லாவற்றிலும் அதே ஆழத்தில் கிடந்தது.

நல்லதுக்குப் போகாவிட்டாலும்
கெட்டதுக்குப் போகணும் என்கிற சீமை இது.
அப்பாரு எழவுக்கு வராத பங்காளி வாசலை
இன்றுவரை நாங்கள் மிதிப்பதில்லை.
கோயமுத்தூரில் குண்டு வெடித்த பிப்ரவரியில்
ஜவுளி எடுக்கப் போன அத்தையை
வளையலை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.
எந்தெந்த நாடு அன்று இரங்கல் சொன்னதோ, தெரியாது.
கேதம் கேட்க ஒரு நூல் வியாபாரி வந்தார்,
பாஷை சரியாக வராதவர்.
அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்து
எழுந்து போனார்.
அவர் பெயர் தெரியாது.
முதுகு ஞாபகமிருக்கிறது.

பழைய மெயிலை மூடிவிட்டு
இங்க்ரிட், என்று ஆரம்பித்தேன்.
முந்தாநாள் வரை நாம் பேசியது ஒரு மஞ்சளைப் பற்றி,
எலுமிச்சையா, மாம்பழமா என்று.
அது கிடக்கட்டும்.
உன் ஆட்கள் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தார்களா?

அவ்வளவுதான் வந்தது.
அடியில் எப்போதும்போல்
தானாக வந்து உட்கார்ந்தது ஒரு வரி:
உங்கள் பதிலை ஆவலுடன் எதிர்நோக்கி.
எழவு வீட்டில் யாரும்
போயிட்டு வர்றேன் என்று சொல்வதில்லை.
அழித்தேன்.
முடிவில்லாமல் அனுப்பினேன்.

கீழே சாயங்கால லாரிக்கு நாற்பது பெட்டி.
துக்க நாளிலும் கப்பல் நிற்காது.
வேலாத்தாள் தகட்டை எடுத்தவள்
என்னைப் பார்த்ததும் கேட்டாள்,
"இத என்னன்னு படிக்கோணும் கண்ணு?"

சொன்னேன்.
சொல்லிப் பார்த்தாள்.
மறுபடியும் சொன்னேன்.
மூன்றாவது தடவையும் தப்பாகத்தான் வந்தது.
நான் திருத்தவில்லை.